நன்றாக இருக்கும்போது எதற்கு டாக்டர்?

"நல்லாத்தானே இருக்கே, அப்புறம் எதுக்கு இன்னும் டாக்டர்கிட்ட போயிட்டு இருக்கே?" என்று சித்தி கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. நான் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததையும் பார்த்தவர், அதற்கு முன்னால் ராத்திரி பகல் தெரியாமல் பேசிப் பேசி வீட்டையே தலைகீழாக்கியதையும் பார்த்தவர், இப்போது நான் வேலைக்குப் போய்வந்துகொண்டு சிரித்த முகமாக இருப்பதைப் பார்த்த நிம்மதியில் கேட்ட கேள்வி அது. அலுவலகத்தில் ஒருவர் இதையே கேட்டிருக்கிறார், சொந்தக்காரர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள், எனக்கு இருக்கும் இதே பைபோலார் நோய், அதாவது மனம் மாறி மாறிப் பொங்குவதும் சோர்ந்து போவதுமான நோய், தனக்கும் இருப்பதாகப் புதிதாகத் தெரியவந்த ஒரு இளைஞர் தன்னைப் பற்றியே என்னிடம் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். "மாத்திரை எழுதி வாங்கணும்" என்பேன், "டாக்டர் வரச் சொல்லியிருக்கார்" என்பேன். இரண்டும் உண்மைதான், ஆனால் கேட்டதற்கு அது பதில் இல்லை. இந்த முறை என்னவோ கேள்வி மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பார்க்கிறோம், விட்டதும் நிறுத்திக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, உடம்பில் மனசில் ஒரு தொந்தரவும் இல்லாத நாளில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு மனநல மருத்துவரின் வாசலில் காத்திருப்பது புரியாத காரியமாகத்தான் தோன்றும். ஆனால் இந்த நோயைப் பற்றி முதன்முதலில் சரியாக எழுதியவர்களில் ஒருவர் இதற்கு அப்போதே பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 1850களில் பாரிஸில் ஜான் பியேர் ஃபால்ரே என்ற மருத்துவர், மனம் பொங்கி எழுவதும் பிறகு அடங்கிச் சோர்ந்து போவதும் தனித்தனி நோய்கள் கிடையாது, ஒரே வட்டத்தின் பகுதிகள் என்றார். அந்த வட்டத்தில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தார்: இரண்டுக்கும் இடையில் வருகிற தெளிவான காலம். அதே சமயத்தில் பையார்ஜே என்ற இன்னொருவரும் ஏறக்குறைய இதே நோயை விவரித்தார், யார் முந்தி என்று இருவருக்கும் பெரிய தகராறே நடந்தது, அது நமக்கு வேண்டாம். என் மனசில் தங்கியது அந்த மூன்றாவது பகுதி. நான் நன்றாக இருக்கும் மாதங்களும் இந்த நோயின் கணக்கில்தான் வருகின்றன. அதனால் நான் நன்றாக இருப்பது பொய் என்று ஆகிவிடாது. அந்த மாதங்களை யாராவது பார்த்து எழுதி வைத்திருந்தால்தான் வட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பிறகு தெரியும், அவ்வளவுதான்.

இது எனக்குப் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. ஒரு சாதாரணச் சந்திப்பில் தெரிந்தது.

ஃபைலில் இருந்த ஒரு வரி

அப்போது நான் ரொம்ப காலமாக நிலையாக இருந்தேன். சந்திப்புகளுக்கு நடுவில் இரண்டு மாத இடைவெளி விட்டிருந்தார் டாக்டர். போனால் பேச ஒன்றும் இருக்காது, மாத்திரைச் சீட்டு வாங்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். அவர் எப்போதும் கேட்பதையே கேட்டார். எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க, எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீங்க, எழும்போது அசதியா இருக்கா, வேலையில என்ன புதுசு, செலவு எப்படிப் போகுது, யாரோடயாவது சண்டையா. பல வருஷமாக இதே வரிசை, இதே குரல். நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். தூக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, நாலு மணி நேரம் போதுமாக இருக்கிறது, அசதியே தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு பயிற்சி மையம் ஆரம்பிக்கப் போகிறேன், இடம்கூடப் பார்த்துவிட்டேன், கடனுக்கும் பேசியாயிற்று. அப்புறம், "உண்மையைச் சொல்லணும்னா, இப்பதான் டாக்டர் நான் நானா இருக்கேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். என் ஃபைல் தடிமனானது, ஓரமெல்லாம் கிழிந்து பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அதைப் பின்னாலிருந்து புரட்ட ஆரம்பித்தார், விரலை ஒவ்வொரு தேதியாக வைத்து நகர்த்திக்கொண்டே போனார். சொன்னதற்குப் பதில் வராத எரிச்சலில் நான் பயிற்சி மையத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினேன். கடைசியில் ஒரு பக்கத்தில் நிறுத்தி, "இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்று ஃபைலை என் பக்கம் திருப்பினார். மற்றதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர் அவர், நாம் சொன்னதை மட்டும் சொன்னபடியே தமிழில் எழுதுவார். தூக்கம் நாலு மணி நேரம், அசதி இல்லை என்று ஒரு குறிப்பு. அதன் கீழே மேற்கோள் குறிக்குள், "இப்பதான் டாக்டர் நான் நானா இருக்கேன்." மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. அந்தத் தேதிக்கு அடுத்த மாதம்தான் என்னை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

முதலில் வந்தது கோபம்தான். "அப்ப நான் சந்தோஷமாவே இருக்கக் கூடாதா டாக்டர்?" என்று கேட்டேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும், வெளியில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததாக அக்கா பிற்பாடு சொன்னாள். அவர் அசரவில்லை. "தாராளமா இருங்க. நான் சந்தோஷத்தைப் பத்திக் கேக்கல, தூக்கத்தைப் பத்திக் கேக்கிறேன்" என்றார். பயிற்சி மையத்தைப் பற்றியும் அவர் தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்ல யோசனையா இருந்தா அடுத்த மாசமும் அது நல்ல யோசனையாத்தான் இருக்கும். ராஜினாமாக் கடிதத்தை மட்டும் அதுவரைக்கும் கொடுக்க வேண்டாம், சரியா?" நான் மறுபடியும் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். எழுத்து அவருடையது, வாக்கியம் என்னுடையது, ஒரு சொல்கூட மாறவில்லை. அவர் எத்தனை நேரம் பேசியிருந்தாலும் நான் வாதாடியிருப்பேன், அந்த நிலையில் எனக்கு வாதாடத் தெம்பும் இருந்தது, சொற்களும் தானாக வந்து விழுந்தன. என்னுடைய வாக்கியத்தோடு எனக்கு வாதாட முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் பரபரப்பு எதுவும் இல்லை. மனநிலையை நிலைப்படுத்த நான் எடுத்துவரும் லித்தியம் மருந்தின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொன்னார். மனம் பொங்குவதை அடக்க ராத்திரிக்கு க்வெடியாபின் என்ற மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். இரண்டு மாதம் கழித்து வர வேண்டியவளை ஒரே வாரத்தில் வரச் சொன்னார். இரவு பத்து மணிக்கு மேல் போனும் கணினியும் வேண்டாம் என்றார். வங்கி அட்டையை அக்காவிடம் கொடுத்து வைக்கலாமா என்று என்னிடமே கேட்டார், அரைமனசோடு சரி என்றேன். சில வாரங்களில் தூக்கம் ஏழு மணி நேரத்துக்குத் திரும்பியது. மருத்துவமனைக்குப் போக வேண்டி வரவில்லை, வேலை போகவில்லை, கடன் வாங்கவில்லை. அந்த யோசனையும் செத்துப் போகவில்லை. மனம் அடங்கிய பிறகு எடுத்துப் பார்த்தபோது அதில் உருப்படியான ஒரு சின்னப் பகுதி இருந்தது. வேலையை விடாமலே வாரக் கடைசியில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தேன், இன்றைக்கும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு என் ரத்தத்தை எடுத்துப் பார்த்திருந்தாலோ மூளையைப் படம் பிடித்திருந்தாலோ மேனியா, அதாவது மனம் பொங்கி எழும் நிலை, தொடங்குகிறது என்று எந்த அறிக்கையும் சொல்லியிருக்காது. இந்த நோயைக் காட்டுகிற அப்படி ஒரு பரிசோதனை இதுவரை கிடையாது. பேச்சும் நடத்தையும் முன்கதையும்தான் ஆதாரம். மேனியா என்று சொல்வதற்கு அறிகுறிகள் ஒரு வாரமாவது நீடித்திருக்க வேண்டும் அல்லது மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றியிருக்க வேண்டும் என்று கைநூல்கள் சொல்கின்றன, அதன் இளைய வடிவமான ஹைப்போமேனியாவுக்கு நாலு நாள். நான் நின்றிருந்தது அந்தக் கோட்டுக்கு எங்கோ பக்கத்தில். என்னை முன்பின் பார்த்திராத ஒரு டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் எதிரில் சுறுசுறுப்பான, தெளிவாகப் பேசுகிற, உற்சாகமான ஒருத்தியைத்தான் பார்த்திருப்பார். என் வழக்கமான வேகம் என்ன என்று தெரிந்தவருக்குத்தான் அது வேகம் கூடிய பேச்சு என்று தெரியும். அந்த வழக்கமான வேகத்தை அவர் எப்போது தெரிந்துகொண்டார்? ஒன்றும் பேச இல்லை என்று நான் நினைத்த அந்தச் சலிப்பான சந்திப்புகளில்தான்.

மேனியாவின் ஆரம்பம் நோய் மாதிரி இருக்காது, குணமானது மாதிரி இருக்கும். இதை அனுபவிக்காதவர்களுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீண்ட மனச்சோர்வில் இருந்து வெளியே வந்தவருக்கு நிறங்கள் திரும்பி வருகின்றன, சொற்கள் திரும்பி வருகின்றன, மனிதர்கள் பிடிக்க ஆரம்பிக்கிறார்கள். இதைப் போய் நோய் என்று யார் சந்தேகப்படுவார்கள்? சந்தேகப்பட வேண்டிய அந்த மனசைத்தான் நோய் முதலில் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் வெளியில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, அந்த ஆளிடம் என் பழைய பக்கங்கள் இருக்க வேண்டியிருக்கிறது.

மருந்து மட்டும் போதாதா

"மாத்திரையை ஒழுங்காப் போட்டா போதாதா, டாக்டர் எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. லித்தியத்தின் கதையே இதற்குப் பதில். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் 1949இல் மேனியா நோயாளிகள் பத்துப் பேருக்கு லித்தியம் கொடுத்துப் பார்த்ததை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். நவீன மனநல மருத்துவத்தின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். அந்தப் பத்துப் பேரில் முதலாமவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், ஐந்து வருஷமாக அடங்காத மேனியாவில் வார்டில் கிடந்தவர். 1948 மார்ச்சில் மருந்து ஆரம்பித்தார்கள். சில மாதங்களில் வீட்டுக்குப் போய்ப் பழைய வேலையில் சேரும் அளவுக்குத் தெளிந்துவிட்டார். எல்லோரும் சொல்லும் கதை இங்கே முடிந்துவிடும். நடந்தது அதோடு முடியவில்லை. வீட்டுக்குப் போனவர் மருந்தை நிறுத்திவிட்டார், நோய் திரும்பி வந்து மறுபடியும் மருத்துவமனைக்கு வந்தார், மறுபடியும் லித்தியம் கொடுத்தார்கள், 1950இல் லித்தியம் உடம்பில் நஞ்சாகி இறந்துபோனார். கேட் மனம் உடைந்து அந்த மருந்தையே கைவிட்டார். இதைப் படித்த நாள் முழுக்க எனக்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. மருந்து சரியான மருந்துதான். வீட்டுக்குப் போன பிறகு தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு இல்லை, ரத்தத்தில் அளவு பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்கும் வழக்கமும் அப்போது இல்லை.

இன்று இரண்டும் இருக்கின்றன. லித்தியம் வேலை செய்யும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ரொம்பக் குறுகலானது. பொதுவாக ஒரு லிட்டர் ரத்த நீரில் 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள், தேவைப்பட்டால் 1.0 வரை போவார்கள். 1.5ஐத் தாண்டினால் ஆபத்து, சிலருக்கு அதற்கு முன்னாலேயே தொந்தரவு ஆரம்பிக்கலாம். கடைசியாக மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ராத்திரி ஒன்பதுக்கு மாத்திரை போட்டால் காலை ஒன்பதுக்கு ஊசி, காலை வேளை மாத்திரை இருந்தால் அது ஊசிக்குப் பிறகுதான். டோஸ் மாற்றினால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால்தான் சரியான எண் கிடைக்கும். அதோடு தைராய்டு, சிறுநீரகம், கால்சியம் மூன்றையும் குறிப்பிட்ட இடைவெளிகளில் பார்க்க வேண்டும், ஏனென்றால் வருஷக் கணக்கில் எடுக்கும்போது லித்தியம் இவற்றில்தான் கை வைக்கும். எனக்குத் தைராய்டு சுரப்பது குறைந்தது ஒரு வழக்கமான பரிசோதனையில்தான் தெரிந்தது. அசதி, உடம்பு கனம், எதிலும் நாட்டமின்மை என்று இருந்ததை மனச்சோர்வு திரும்பி வருகிறது என்றே நான் நினைத்திருந்தேன். ஒரு சின்னத் தைராய்டு மாத்திரையில் அது சரியாயிற்று.

இன்னும் சில விஷயங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் நல்லது, அதனால் சொல்கிறேன். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வியர்வை என்று உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் அளவு ஏறிவிடும். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நாமே வாங்கிப் போடுகிற ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் ஏற்றிவிடும், ரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளும் அப்படித்தான். யாரோ சொன்னார்கள் என்று திடீரென உப்பை அடியோடு குறைத்தாலும் ஏறும். கை லேசாக நடுங்குவதும் தாகம் எடுப்பதும் பலருக்கு இருப்பதுதான். ஆனால் நடுக்கம் பெரிதாகி, நடை தள்ளாடி, நாக்குக் குழறினால் அடுத்த சந்திப்பு வரைக்கும் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். எல்லோருக்கும் லித்தியம் ஒத்துவருவதும் இல்லை. வேறு மருந்தாக லாமோட்ரிஜின் கொடுத்தால் அதை வாரக் கணக்கில் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் தோலில் கடுமையான தடிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வால்ப்ரோயேட் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும், ஆகவே பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களுக்கு அதைக் கூடியவரை தவிர்க்கிறார்கள். ஒலான்சாபின், க்வெடியாபின் வகை மருந்துகளில் எடையையும் சர்க்கரையையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாக வேலை செய்த மாத்திரையை நாம் வாங்கிப் போட முடியாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

சரி, நன்றாக இருக்கிறோம், நிறுத்திப் பார்த்தால் என்ன? இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டென்மார்க்கில் பாஸ்ட்ரூப், மொகென்ஸ் ஸ்கோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1970இல் வெளியிட்ட ஆய்வு. லித்தியத்தில் நன்றாக இருந்த 84 பெண்களில் 45 பேருக்கு லித்தியத்தைத் தொடர்ந்தார்கள், 39 பேருக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரையைக் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்கும் தெரியாது, கவனித்த மருத்துவர்களுக்கும் தெரியாது. ஐந்து மாதத்துக்குள் மருந்தில்லாத 39 பேரில் 21 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. லித்தியம் தொடர்ந்த 45 பேரில் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை. ஸ்கோவின் உடன்பிறந்த சகோதரருக்கே திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்துகொண்டிருந்தது, லித்தியத்தில்தான் அது நின்றது. ஸ்கோ இந்த மருந்துக்காக வாழ்நாள் முழுக்கப் போராடியதில் ஆச்சரியம் இல்லை. என் சித்திக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இந்த 84 பேரைப் பற்றித்தான். அவர்களும் நல்லாத்தான் இருந்தார்கள்.

ஒரே ஆளிடம் போவது

மருத்துவரை மாற்றிக்கொண்டே இருப்பதில் உள்ள கஷ்டம் எனக்கு நன்றாகத் தெரியும். நோய் ஆரம்பித்த காலத்தில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடம். அதில் ஓரிடத்தில் மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தார்கள், இதற்கு முன்னால் எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமே தேவைப்படாத நாட்கள் உண்டா என்று கேட்கவில்லை. பைபோலார் உள்ளவருக்கு மனநிலையை நிலைப்படுத்தும் மருந்து இல்லாமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அது சிலரை மேனியாவுக்குள் தள்ளிவிடும், எனக்கு அப்படித்தான் ஆயிற்று. இதைப் பழியாகச் சொல்லவில்லை. நாம் டாக்டரைத் தேடிப் போவதே சோர்ந்து கிடக்கும்போதுதான், பொங்கி எழுந்த நாட்களில் யார் போகிறார்கள்? ஆகவே அவர்கள் கண்ணில் படுவது பாதிப் படம். சரியான நோய்ப்பெயர் கிடைக்கவே பலருக்குப் பல வருஷங்கள் ஆவதும் இதனால்தான்.

ஒரே ஆளிடம் போக வேண்டும் என்றால் பிடிக்காதவரிடமும் காலம் முழுக்கப் போக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்க்காதவர், பக்கவிளைவைச் சொன்னால் "அதெல்லாம் அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறவர், நாம் என்ன சொன்னாலும் டோஸைக் கூட்டுகிறவர், இவர்களிடமிருந்து தாராளமாக விலகலாம், விலகத்தான் வேண்டும். ஆனால் போகும்போது காகிதங்களை எடுத்துக்கொண்டு போக வேண்டும். எந்த மருந்து, அதிகபட்சம் எந்த அளவுவரை, எத்தனை காலம் எடுத்தோம், எது ஒத்துவரவில்லை, ஏன் நிறுத்தினார்கள், கடைசி ரத்தப் பரிசோதனை எண்கள், மேனியா வரும்போது முதலில் தெரிகிற இரண்டு மூன்று அறிகுறிகள். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். இது இல்லாமல் புது டாக்டரிடம் போனால், ஏற்கெனவே முயன்று தோற்ற மருந்தையே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள், அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது.

மனச்சோர்வில் இருக்கும் மாதங்களில் டாக்டரிடம் போவதே பெரிய மலை. குளிப்பதற்கே முடியாதவர் எப்படிக் கிளம்பிப் போவார்? வெளியில் தெரிவது மேனியாதான், ஆனால் வாழ்க்கையைத் தின்பது சோர்வு. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், முழு மேனியா வருகிற பைபோலாரின் முதல் வகை உள்ள 146 பேரைச் சராசரியாக 12.8 வருஷம் வாராவாரம் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி வாரங்களில் அவர்களுக்கு ஏதாவது அறிகுறி இருந்தது. சோர்வில் கழிந்த வாரங்கள் நூற்றுக்கு 32, மேனியா வகையில் கழிந்தவை 9. அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். அடுத்த தேதியை வாங்காமல் டாக்டரின் அறையை விட்டு வெளியே வருவதில்லை. தேதி ஏற்கெனவே இருந்தால் போவதா வேண்டாமா என்று அந்த நாளில் முடிவெடுக்க வேண்டியதில்லை, யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் போதும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அதை அவரிடம் பூசி மெழுகாமல் சொல்ல முடிவதும் பல வருஷப் பழக்கத்தினால்தான். முன்பின் தெரியாதவரிடம் அந்த வாக்கியம் எனக்குத் தொண்டையைத் தாண்டி வந்திருக்காது. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் லித்தியத்துக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, ஆனால் அந்த எண்ணம் வந்துவிட்ட ராத்திரியில் மருந்து வேலை செய்யும்வரை பேசுவதற்கு ஒரு மனிதர் வேண்டும். அப்படி ஒரு ராத்திரியில் இதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இப்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள், இல்லையென்றால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

அக்காவும் நானும் பேசி வைத்தது

வீட்டில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் என் சிரிப்புக்குக்கூடக் காவல் போட்டிருந்தார்கள். சத்தமாகச் சிரித்தால் "மாத்திரை போட்டியா?" கோபப்பட்டால் "மாத்திரை போட்டியா?" நியாயமாக ஒரு சண்டை போடக்கூட எனக்கு உரிமை இல்லாமல் போயிற்று. இந்த நோயில் மருந்தின் பக்கவிளைவுகளைவிட எனக்கு அதிகமாக வலித்தது இதுதான் என்று நினைக்கிறேன். அவர்களையும் என்ன சொல்வது? ஒருமுறை பயந்தவர்கள். ஒரு நாள் நான் நன்றாக இருக்கும்போது அக்காவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். மாத்திரையைப் பற்றி இனிமேல் அக்கா கேட்பதில்லை. தூக்கத்தைப் பற்றி மட்டும் கேட்கலாம். இரண்டு ராத்திரி தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கி, அதற்குப் பிறகும் நான் துள்ளிக்கொண்டு திரிந்தால், என்னிடம் அனுமதி கேட்காமலே அவள் டாக்டருக்குப் போன் செய்யலாம். டாக்டர் என்னைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் அவள் சொல்வதைக் கேட்டுக்கொள்வார். இதை ஒரு காகிதத்தில் எழுதி நானே கையெழுத்துப் போட்டேன், ஒரு பிரதி ஃபைலில் இருக்கிறது.

அந்தக் காகிதத்துக்குப் பிறகு வீடு மாறிவிட்டது. நான் சத்தமாகச் சிரித்தால் அக்காவும் கூடச் சிரிக்கிறாள். நான் கோபப்பட்டால் திருப்பிக் கோபப்படுகிறாள். எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துவிட்டதால் மற்றதற்கெல்லாம் பயப்படுவதை விட்டுவிட்டாள். "இப்பத்தான் எனக்கும் தூக்கம் வருது" என்று ஒருமுறை சொன்னாள். இப்படி ஒரு ஏற்பாட்டை நோய் முற்றிய நிலையில் யாரும் பேசி முடிக்க முடியாது, அப்போது நான் எல்லோரையும் எதிரியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். நன்றாக இருக்கும் மாதத்தில்தான் பேச முடியும், அதுவும் டாக்டரின் அறையில்தான் எங்கள் இருவருக்கும் பேச வந்தது.

என் டாக்டர் சீக்கிரமே ஓய்வு பெறுகிறார். போன முறை சொன்னார். கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. சித்தியின் கேள்வி இந்த முறை இவ்வளவு தூரம் என்னைத் துரத்துவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று ஒரு மனசு சொல்லாமல் இல்லை. அவரே இன்னொரு மருத்துவரைச் சொல்லியிருக்கிறார், அவருக்குக் கீழே பயிற்சி பெற்ற பெண்மணி. முதல் சந்திப்பில் இரண்டு பேருமே இருப்பார்கள், முழு ஃபைலும் அவரிடம் போகும், மூன்று வருஷ இடைவெளியில் ஒரே வாக்கியம் எழுதப்பட்டிருக்கும் அந்த இரண்டு பக்கங்களிலும் அடையாளம் வைத்துத் தருவதாகச் சொன்னார். அதற்கு முந்தைய வாரம் லித்தியம், தைராய்டு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் மூன்றும் பார்த்துவிட வேண்டும். கிரியாட்டினின் போன முறையைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது, இப்படியே போனால் லித்தியத்தில் எவ்வளவு காலம் தொடரலாம், டோஸைக் குறைத்துப் பார்க்கலாமா என்று புது டாக்டரிடம் நான் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அக்காவும் கூட வருகிறாள். அந்தக் காகிதத்தைப் புது டாக்டரின் பெயரில் மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.